ஆறு ஜோடிக் கையுறை

"இந்தக் கையுறையைப் போட்டுக்கிட்டு என் அண்ணனைத் தூக்க மாட்டேன். முடியாதுன்னா முடியாது!"

ஜாபேஸ் கறுப்புத் தோல் கையுறைகளை மேஜை மேல் விட்டெறிந்தான். நடுக்கூடத்தில் ஆணி அடித்து மூடிய சவப்பெட்டி இருந்தது. தூக்க வந்த மற்ற ஐந்து பேரும் மறுபேச்சில்லாமல் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். மானங்கெட்டவர்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டான்.

"சத்தம் போடாதீங்க தம்பி. சாவு வீடு இது," என்றாள் கேத்தூராள். அவளும் கையுறை அணிந்திருந்தாள்.

"அதனாலதான் அண்ணி பொறுமையா கேக்கறேன். லண்டன் சரக்கு இந்த வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு? பத்து வருஷமா பாஸ்டன்ல எவனாவது சாவுக்குக் கையுறை கொடுத்திருக்கானா? ராஜாவுக்கு வால் பிடிக்கிறவனைத் தவிர?"

அவன் கேட்டதில் தப்பில்லை. சாவுக்குச் சொல்லி அனுப்பும்போதே ஒரு ஜோடிக் கையுறையும் சேர்த்து அனுப்புவது எங்கள் ஊரின் பழைய வழக்கம். பத்து வருஷத்துக்கு முன்னால், கடல் தாண்டி எங்களை ஆண்ட லண்டன் பார்லிமெண்ட், எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், பத்திரத்துக்கும் செய்தித்தாளுக்கும் முத்திரை வரி போட்டது. அங்கே எங்களுக்காகப் பேச ஒருத்தரும் இல்லை. அப்படியென்றால் உங்கள் சரக்கும் எங்களுக்கு வேண்டாம் என்று ஊர் முடிவெடுத்தது. முதலில் போனது கையுறைதான். தன் அப்பாவின் பெட்டியை வெறுங்கையோடு தூக்கி அதைத் தொடங்கி வைத்ததே ஜாபேஸின் அண்ணன் எல்க்கானாதான்.

முத்திரை வரி போயிற்று, தேயிலைக்கு வரி வந்தது. கப்பலில் வந்த தேயிலையை ஊரார் கடலில் கொட்டினார்கள், ராஜாவின் சிப்பாய்கள் வந்து துறைமுகத்தை மூடினார்கள். எல்க்கானா அந்தச் சிப்பாய்களுக்கே மெழுகுவத்தி விற்கப் போனான். அன்றோடு தம்பி அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். இப்போது 1775 மார்ச். இனிப் பேசவும் வழியில்லை.

"வரி கட்ட மாட்டேன்னு ஊரைக் கூட்டினவரு, கடைசியில அவனுங்களுக்கே விளக்கேத்தினாரு." ஜாபேஸ் பெட்டி மூடியில் கை வைத்தான். "முகத்தையாவது காட்டுங்க அண்ணி."

"விஷக் காய்ச்சல் தம்பி. திறக்க வேண்டாம்." கேத்தூராள் கையுறைகளை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். "பெட்டி இன்னிக்கு ஊருக்கு வெளிய, ராக்ஸ்பரி கல்லறைக்குப் போயே ஆகணும். சிப்பாய்ங்க காவல் வாசலைத் தாண்டுற வரைக்கும் மாட்டிக்கோங்க. அப்புறம் கழட்டி என் மூஞ்சியில எறிங்க."

அண்ணி நீட்டிய கையை மடக்கவில்லை. ஜாபேஸ் வேறு வழியில்லாமல் வாங்கி மாட்டிக்கொண்டான்.

பாஸ்டனை விட்டு வெளியே போக ஒரே ஒரு தரைவழிதான். அங்கே சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினார்கள்.

"பெட்டியை இறக்கு," என்றான் அதிகாரி. "போன வாரம் வண்டியில தோட்டா கடத்தினானுங்க. எதுவா இருந்தாலும் திறந்து பார்க்கணும்னு உத்தரவு."

கேத்தூராளின் முகம் வெளுத்தது. ஜாபேஸுக்கோ அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது.

"திறங்கய்யா, நல்லா திறந்து பாருங்க! உங்களுக்கு மெழுகுவத்தி வித்த மகராசன்தான். அவனுக்குத் தம்பியாப் பொறந்த பாவத்துக்கு, உங்க ஊர்க் கையுறையை மாட்டிக்கிட்டு நடுரோட்டுல நிக்கறேன். என் ஊர்ல நான் இனிமே எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?"

சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். அதிகாரி வரிசையாக ஆறு பேரின் கைகளையும் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

"மெழுகுவத்திக்காரரா? நல்ல மனுஷனாச்சே! வாரம் தவறாம வந்துட்டுப் போவாரே." கேத்தூராளிடம் திரும்பினான். "உங்க கொழுந்தனுக்கு வாய் ஜாஸ்திம்மா. உங்க முகத்துக்காக விடறேன். தூக்கிட்டுப் போங்க."

ராக்ஸ்பரி கல்லறைத் தோட்டத்தில், அப்பாவின் சமாதிக்குப் பக்கத்தில் குழி தயாராக இருந்தது. ஜாபேஸ் தன் கையுறைகளைக் கழற்றிக் குழிக்குள் எறிந்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தான்.

"இறக்காதீங்க," என்றாள் கேத்தூராள். "ஆணியைக் கழட்டுங்க."

ஐவரில் ஒருவன் கடப்பாரையால் மூடியை நெம்பினான். உள்ளே சின்னச் சின்ன மரப்பீப்பாய்கள் இருந்தன. இடுக்குகளில் ஈயக் குண்டுகள். வெடிமருந்து நெடி மூக்கில் ஏறியது.

"அந்தச் சிப்பாய்ங்ககிட்டயே வாங்கினது, வெளிய சண்டைக்குத் தயாராகிற நம்ம ஆளுங்களுக்கு," என்றான் அவன். "உங்க அண்ணன் மெழுகுவத்தி கொண்டுபோன பெட்டி ஒரு தடவைகூட வெறுமையா திரும்பினதில்லை."

ஜாபேஸ் தோண்டிப் போட்ட மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி..."

"'ஜாபேஸுக்கு நடிக்க வராது. அவன் கோவத்தோடயே வரட்டும், அந்தக் கோவம்தான் பெட்டியை வாசல் தாண்ட வைக்கும்'னார். சாகறதுக்கு முந்தின நாள் சொன்னார்."

"அப்போ அண்ணன்? அண்ணன் எங்க?"

கேத்தூராள் தன் கையுறைகளை மெல்ல உருவினாள். இரண்டு உள்ளங்கைகளும் கொப்புளம் உடைந்து, தோலுரிந்து, ரத்தம் கட்டியிருந்தன.

"மெழுகு காய்ச்சுற கொட்டகையில. அடுப்புச் சூட்டுல அங்க மட்டும்தான் தரை பனியில உறையாம இருந்துச்சு. யாரையும் கூப்பிட முடியல, நானேதான் தோண்டினேன்," என்றாள். "உங்க அப்பாவுக்குச் செஞ்ச மாதிரியே, வெறுங்கையோடதான் புதைச்சேன் தம்பி."