தராசுத் தட்டின் அடியில்

ஜெயத்தின் சம்பந்தி அமுதவல்லி, அவளிடம் வாங்கிப் போன சங்கரா மீனைத் திரும்பப் பெரிய மார்க்கெட்டுக்கே கொண்டுவந்து, பக்கத்துக் கடை நிர்மலாதேவியின் எலக்ட்ரானிக் தராசில் போட்டுப் பார்த்தாள்.

ஐம்பது கிராம் குறைந்தது.

ஜெயத்துக்கு எழுந்து பேசக்கூடத் தெம்பில்லை. விடியலிலிருந்து தொலைந்த பொருள் ஒன்றைத் தேடிக்கொண்டே வியாபாரம் பார்த்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

போனின் முதுகில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் மெமரி அது. தீப்பெட்டி அளவுதான். போனில் படம், வீடியோ வைக்க இடம் போதாதவர்கள் வாங்கி ஒட்டிக்கொள்வார்கள். உள்ளே இருப்பதைப் பார்க்க அதன் முனையைப் போனில் சொருக வேண்டும்; வேண்டாதபோது பிய்த்து எடுத்துவிடலாம். மகள் செந்தமிழ்ச்செல்வி போன வாரம் ரெட்டியார்பாளையத்து மாமியார் வீட்டிலிருந்து வந்தபோது, தன் போனிலிருந்து பிய்த்து அம்மாவின் போனில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள்.

கூடை, ஐஸ் பெட்டி, சாக்கு எல்லாவற்றையும் உதறியாகிவிட்டது. கிடைக்கவில்லை.

இப்போது இது வேறு. ஜெயத்தின் எடையை இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் அவள் சம்பாத்தியம். அதைக் கெடுக்க வந்தது யார்? ஓசி மீன் தின்றாள் என்று ஊர் பேசிவிடக் கூடாதென்று சம்பந்தியிடமே காசு கொடுத்து வாங்குகிறவள் அமுதவல்லி. இனி மகளுக்கு அந்த வீட்டில் போடும் ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் இந்த ஐம்பது கிராமும் பரிமாறப்படும்.

ஜெயத்தின் கைத்தராசில் மீன் போடும் தட்டைத் திருப்பச் சொன்னாள் அமுதவல்லி. நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஜெயம் தன் கையாலேயே திருப்பிக் காட்டினாள்.

அடியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது மெமரி.

மீன் தண்ணீர் தெறிக்காமல் இருக்க, போனைக் குப்புறப் போட்டு அதன்மேல் தராசுத் தட்டை வைப்பது அவள் வழக்கம். தூக்கும்போது மெமரியும் கூடவே வந்திருக்கிறது. காலை அவசரத்தில், தட்டுகள் சமமாக நிற்கின்றனவா என்று வெறும் தராசைப் பிடித்துப் பார்க்கவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. காந்தம் ஒட்டி எடையில் அடிக்கிற வித்தை மார்க்கெட்டில் யாருக்குத்தான் தெரியாது?

நிர்மலாதேவி நல்லவள். அது போன் மெமரி மாதிரி இருக்கிறது, தன் தம்பியும் வைத்திருக்கிறான், ஒரு போனில் சொருகிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஜெயத்துக்காகப் பரிந்து பேசினாள்.

ஒரு நிமிடத்தில் பழி நீங்கிவிடும். சொருகிப் பார்க்க அமுதவல்லி தன் போனைக் கையில் எடுத்தே விட்டாள்.

ஜெயம் வெடுக்கென்று மெமரியைப் பிய்த்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"மெமரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் காந்தம். எடைக்கு நான்தான் ஒட்டுனேன் சம்பந்தி."

அமுதவல்லி காறித் துப்பாத குறையாகப் பேசிவிட்டு மீனைப் பலகையிலேயே வீசிவிட்டுப் போனாள். நிர்மலாதேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வழக்கமாக வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராக அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள்.

ஜெயம் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழவும் அலுப்பாக இருந்தது. மெமரியை முந்தானையில் துடைத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

போன வாரம் அதை ஒட்டும்போது, வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால்தான் ஒட்டினாள் செந்தமிழ்ச்செல்வி.

"அவரு என்ன அடிக்கறதெல்லாம் இதுலதாம்மா எடுத்து வெச்சிருக்கேன். வக்கீலப் பாக்கற வரைக்கும் எங்க மாமியா வூட்டு ஆளுங்க கண்ணுல பட்டுடக் கூடாது."