ரெபேக்கா கொடுக்கும் தண்ணீர்

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. நலம் விசாரிக்க வருகிறவர்களே என் மனைவி ரெபேக்காவின் கையைத் தேறவிடாமல் செய்கிறார்கள். பக்கவாதம் தாக்கிய வலக்கைக்கு அவள் சலிக்காமல் செய்யும் பயிற்சி ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது. துடியலூரின் காலை வெயில் மேசைமேல் கிடக்கிறது. அவளுடைய விரல்கள் எவர்சில்வர் டம்ளரைச் சுற்றி மெல்ல இறுகுகின்றன. டம்ளர் மேசையைவிட்டு எழும்புகிறது. விளிம்பில் தண்ணீர் நடுங்குகிறது. சர்ச்சில் பூசை முடிந்து, நலம் விசாரிக்க நேரே வந்திருக்கும் சின்னப்பராஜ் பதறி எழுந்து அதைப் பிடுங்கிக்கொள்கிறார். "நீங்க எதுக்குங்க அம்மணி சிரமப்படறீங்க? நானே எடுத்துக்க மாட்டனுங்களா?" "நான் குடுத்தாத்தான் என்னவாமுங்க?" என்று ரெபேக்கா அலுப்போடு கேட்கிறாள். அவர் மடமடவென்று குடிக்கிறார். அவளுடைய வெறுங்கை டம்ளரின் அளவுக்கு வளைந்தபடியே நிற்கிறது. எங்கள் வீட்டுக்கு வரும் நீங்களாவது, சட்டை நனைந்தாலும் சரி, அவள் நீட்டும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.