காது மெஷின் யாருக்கு?

"உங்க பொண்ணுக்கு இதுல பேச்சு கேக்கலன்னா மெஷினைத் திருப்பி வாங்கிக்குவேன், நீலமேகம். அப்புறம் என்மேல கோச்சிக்கக் கூடாது," என்றார் வசந்தா டீச்சர். குழந்தைகளின் காதைப் பரிசோதிக்க மாதம் ஒருமுறை மெட்ராஸிலிருந்து பழவேற்காட்டுக்கு வருகிறவர்.

நீலமேகம் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மகள் தேவகிக்கு நாலு வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. இப்போது ஆறு. ஒரு மாதமாக மார்பில் குட்டி டிரான்சிஸ்டர் மாதிரி ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். இருப்பது ஒரே மெஷின். இவளுக்குப் பிரயோஜனமில்லை என்றால் கோட்டைக்குப்பத்தில் இன்னொரு குழந்தை காத்திருக்கிறது.

"வூட்ல கூப்ட்டா திரும்புறா, டீச்சரம்மா."

"உங்க வாயைப் பாத்துத் திரும்புவா. காதுல வுழுதான்னு பாக்கணும். சத்தமில்லாத எடம் இருக்கா? இந்தப் பள்ளிக்கூடம் மீன் ஏலம் மாதிரி இருக்குது."

"நம்ம தோணில குந்திக்கலாம். கரையிலதான் கட்டிக் கெடக்குது. தோணில ஏத்திட்டா பொம்மையாட்டம் குந்தினிருப்பா. ஒரு தொல்ல இருக்காது," என்றான் பெருமையாக.

கரையில் வைத்தே விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார் டீச்சர். பேரைக் கேட்டால் அந்தச் சாமானை எடுத்துத் தூக்கிக் காட்டணும். தேவகி சிரித்தபடி தலையாட்டினாள்.

நீலமேகம் அவளைத் தூக்கித் தோணியின் நடுப்பலகையில் உட்காரவைத்தான். முன்னால் ஒரு வளையல், ஒரு கரண்டி, ஒரு கிளிஞ்சல். டீச்சர் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"கிளிஞ்சல்."

தேவகி அசையவில்லை.

"கரண்டி."

அவள் கண் மட்டும் அப்பன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. நீலமேகம் விரலை நீட்டப்போனான்.

"நீங்க சும்மா இருங்க. ஜாடை காட்டுனா அது பரீட்சையா?"

"இல்ல டீச்சரம்மா, கை தானா போவுது."

"வளையல்." இந்த முறை சத்தமாகவே சொன்னார். தூரத்தில் நின்ற கொக்குகூட எழுந்து பறந்தது. தேவகி இருந்தது இருந்தபடி இருந்தாள்.

டீச்சர் பெருமூச்சு விட்டார். "கேக்கல, நீலமேகம்."

"இன்னொரு தபா பாருங்களேன்."

"எனக்கு மட்டும் இன்னா, புடுங்கிக்கினு போவணும்னு ஆசையா? அந்தப் புள்ளைக்காவது உதவட்டும்."

நீலமேகம் மகளைத் தூக்கி மணலில் இறக்கிவிட்டான். டீச்சர் சாமான்களைக் கூடையில் போட்டுக்கொண்டு இறங்கினார். "கழட்டிக்குங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டீச்சர் வயரைத் தொடுவதற்குள் தேவகி கூடைக்குள் கையை விட்டாள். கிளிஞ்சலை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். அடுத்து கரண்டி. அடுத்து வளையல்.

டீச்சர் கை அப்படியே நின்றது. "நான் சொன்ன அதே வரிசை," என்று முணுமுணுத்தார். மெல்ல அவளுக்குப் பின்னால் போய், முந்தானையால் வாயையும் மூடிக்கொண்டு கேட்டார்: "அப்பவே ஏம்மா எடுக்கல?"

"நைனா தூக்கி எறக்கி வுடுற வரிக்கும் தோணில அசையக்கூடாது," என்றாள் தேவகி.

காது போன பிள்ளைக்கு நாளைக்குத் தண்ணீரில் ஒன்று என்றால் கத்தினாலும் கேட்காதே என்று பயந்து, ஜாடையிலேயே அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நீலமேகம்தான்.