துவாய் யானை

"விடிய திருகோணமலையில இறங்கி நான் வயலுக்கு பஸ் எடுக்கிறன்..."

"நாலு நாளும் தன்ர பொறுப்பு எண்டு தம்பி சொன்னவன்தானே..."

"உம்மட தம்பி நித்திரை கொள்ளுவார். கதிர் முத்தினது ஆனைக்குத் தெரியும்."

வீரபாகுவும் சிவலட்சுமியும் ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டியபடி கப்பல் அறைக்குள் நுழைகிறார்கள். கனடாவிலிருந்து மகள் கெஞ்சிக் கெஞ்சி அனுப்பிவைத்த உல்லாசப் பயணம் இது. வட்ட ஜன்னலால் வந்த மாலை வெயில் கட்டிலில் விழுந்து கிடக்கிறது. அந்த வெயிலில் ஒரு யானை நிற்கிறது. அறையைத் துப்புரவாக்குகிறவர் குளித்துத் துடைக்கிற இரண்டு வெள்ளைத் துவாய்களைச் சுருட்டி மடித்து, காலும் காதும் தூக்கிய தும்பிக்கையுமாகச் செய்து வைத்துப் போயிருக்கிறார். சிவலட்சுமி கணவரை முந்திக்கொண்டு கட்டிலடிக்குப் போகிறாள். ஒட்டுசுட்டான் வயலில் பதினைந்து வருடமாக யானை துரத்தும் வெடியோடு காவல் பரணில் இரவைக் கழிக்கிற மனிதர். இதைப் பார்த்தால் இப்போதே பையைக் கட்டுவார். துவாயை உதறிவிடக் கை நீட்டுகிறாள்.

"தொடாதையும்."

வீரபாகு கட்டிலருகே குந்துகிறார். காய்ப்பேறிய விரலால் காதின் மடிப்பைத் தடவுகிறார். கீழே எங்கேயோ இயந்திரம் மெல்ல உறுமுகிறது. மேசையில் கண்ணாடித் தம்ளர் கிணுகிணுக்கிறது.

"ஊசியுமில்லை, நூலுமில்லை. தும்பிக்கையைப் பாரும், மணம் பிடிக்குது, கோவமில்லை. கிட்ட நிண்டு ஆனை பார்த்த ஆள்தான் செய்திருக்கிறார்."

தலையணையை ஓசைப்படாமல் எடுத்து நிலத்தில் போட்டு, அதிலேயே சாய்ந்துகொள்கிறார். கடலின் வெளிச்சம் கூரையில் அலைகிறது. யானையிலிருந்து கண்ணெடுக்காமலே சிவலட்சுமியிடம் கேட்கிறார்.

"இஞ்சரும், நாளைக்குப் பின்னேரமும் அவர் வந்து ஏதும் செய்து வைப்பாரோ?"