ஓடுவழி

"உங்க அக்காவுக்கு ஒரு டப்பா மூடக்கூடத் தெம்பில்லாம போச்சா மாப்ள? பை பூரா எண்ணெய்."

மர அறுப்புக்காரன் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

மச்சினன் சிரிக்கவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்விட்டான்.

காலையிலிருந்தே அவன் வாயைத் தைத்து வைத்தது போலத்தான் இருந்தான். பயலுக்குக் காதல் கீதல் ஏதாவது இருக்கும் என்று அறுப்புக்காரன் விட்டுவிட்டான்.

அது எல்லோருக்குமான காடு. ஏரிக்கரை நடைபாதையில் ஆட்கள் குடும்பம் குடும்பமாக நடப்பார்கள். சிவப்பு வளையம் போட்ட மரத்தை மட்டும்தான் அறுக்கலாம். அறுத்த இடத்தில் கன்று நட்டாக வேண்டும். வெள்ளை வளையம் போட்டதை யாரும் தொடக்கூடாது. அது பறவைகளுக்கு.

இன்றைய மரம் நடைபாதையை ஒட்டி நின்றது. மஞ்சள் நாடா கட்டிப் பாதையை மூடியிருந்தார்கள். நாடாவுக்கு அந்தப் பக்கம், தூரத்தில், இப்போதே ஒரு கூட்டம். குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

இடது பக்கம் வெள்ளை வளையத்தோடு ஒரு பட்ட மரம். உடம்பெல்லாம் மரங்கொத்திப் பொந்து. அதன் உச்சியையும் இந்த மரத்தின் உச்சியையும் தடித்த கொடி ஒன்று சேர்த்துப் பின்னியிருந்தது.

"இது சாயும்போது அதையும் இழுத்துக்கிட்டுத்தான் வரும். அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கக் கூடாது மாப்ள" என்று வந்ததும் வராததுமாக அறுப்புக்காரன்தான் சொன்னான்.

மச்சினன் தலையாட்டிவிட்டு வலது பக்கம் ஓடுவழி போடப் போனான்.

ஓடுவழி இல்லாமல் எவனும் மரத்தில் ரம்பத்தை வைக்கமாட்டான். மரம் முன்னால் சாயும்போது அடித்துண்டு பின்னால் துள்ளும். கிளை ஒடிந்து தலையில் இறங்கும். அதனால் பின்பக்கம் சாய்வாக, புதரை வெட்டி, வேரை விலக்கி, ஒரு வழி தயாராக இருக்க வேண்டும். மரம் முனகியதும் ரம்பத்தைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதில் ஓட வேண்டும்.

அறுக்கிறவன் கண் உச்சியை விட்டு நகரக்கூடாது. ஆகவே வழி போடுவது கூட்டாளியின் வேலை. அவன் போட்டாச்சு என்றால் போட்டாச்சு. திரும்பிப் பார்ப்பது மூஞ்சியில் அடிப்பது மாதிரி.

மச்சினன் கூட வந்த நாளிலிருந்து அறுப்புக்காரன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

மரம் சாய வேண்டிய பக்கம் வாய் பிளந்தாற்போல ஒரு வெட்டு வெட்டி முடித்தான். பின்பக்கம் வந்து ரம்ப மெஷினை மறுபடி முடுக்கப் போனபோது மச்சினன் எதிரில் நின்றான்.

"வழி போட்டாச்சு மாமா."

தினமும் அவ்வளவுதான் சொல்வான். இன்று போகாமல் நின்றான்.

"காலையில அக்கா கையைப் பார்த்தேன்."

காதுமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு நடந்தான். இனி என்ன சொன்னாலும் அவனுக்குக் கேட்காது.

அறுப்புக்காரன் மெஷினை முடுக்கினான். ரம்பப் பல் மரத்தில் இறங்கியது. முழங்காலெல்லாம் தூள் தெறித்தது.

நேற்று சமையலறைக் கதவை அவன் ஓங்கிச் சாத்தியபோது மனைவியின் விரல்கள் நிலைச்சட்டத்தில் இருந்தன.

இருந்தது அவனுக்குத் தெரியும்.

டப்பா மூடி ஏன் அழுந்தவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

முதுகு கூசியது.

பின்னால் அரிவாள் சத்தம் எவ்வளவு நேரம் கேட்டது? யோசித்துப் பார்த்தால் கொஞ்ச நேரம்தான். இலைக்கு அடியில் ஒரு வேரை அப்படியே விட்டிருக்கலாம். கணுக்கால் உயரத்தில் ஒரு கொடியை இழுத்துக் கட்டியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? தடுக்கி விழுந்தான் என்பார்கள். மச்சினனே மாரில் அடித்துக்கொண்டு அழுவான்.

திரும்பிப் பார்க்கலாம். ஒரே நொடி.

ஆனால் வழியின் கோடியில் அவன் நின்றுகொண்டிருப்பான். பார்த்தது அவனுக்குத் தெரிந்துவிடும். ஏன் பார்த்தான் என்றும் தெரிந்துவிடும். இந்த நிமிடம்வரை அது காற்றில் சாத்திக்கொண்ட கதவு என்று சொல்லலாம். பார்த்துவிட்டால் சொல்ல முடியாது.

பார்க்கவில்லை.

மரம் முனகியது. கைகள்தான் முதலில் உணர்ந்தன.

நாடாவுக்கு அப்பால் யாரோ விசில் அடித்தார்கள். உச்சி மெல்ல, மிக மெல்ல, வானத்தை விட்டு நகர்ந்தது.

ரம்பத்தைப் போட்டான். கால்கள் பழக்கத்தில் வலது பக்கம் திரும்பின. அவன்தான் அவற்றை இடது பக்கம் இழுத்தான்.

முள் கிழித்தது. புதர் காலைச் சுற்றியது. கையால் தள்ளிக்கொண்டு, விழுந்து எழுந்து, கைக்கு அகப்பட்ட ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

உள்ளங்கைக்குக் கீழே வெள்ளை வளையம்.

தலைக்கு மேலே கொடி விறைத்து முறுகும் சத்தம் கேட்டது. தூரத்தில் கூட்டம் கைதட்ட ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான், முதல் தடவையாக, அவன் திரும்பிப் பார்த்தான்.

ஓடுவழி வெயிலில் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. ஒரு சுள்ளி இல்லை. ஒரு வேர் தலைகாட்டவில்லை. என்றைக்கும்விட அகலமாகவே வெட்டியிருந்தான்.

அதன் கோடியில் மச்சினன் நின்றிருந்தான், தினமும் போல, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டியபடி.