மறுபடியும் ஒழுகுது

"மறுபடியும் ஒழுகுதுண்ணே," என்றாள் ஆனந்தி. வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, பட்டறை ஓரத்தில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தாள்.

சுடலைமணிக்கு முகம் சுருங்கியது. மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே பீர்மேட்டில் மெக்கானிக் பட்டறை நடத்துகிறவர் அவர். அந்த மகள் இப்போது காலேஜில் படிக்கிறாள். ஒரே வண்டி ஒரே கோளாறோடு திரும்பத் திரும்ப வந்து நிற்பது அவருக்கு அவமானமாக இருந்தது.

கார்பரேட்டரின் அடியிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக விழுந்து சேற்றில் பரவியது. ஆனந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. சுடலைமணி சொன்ன பிறகுதான் குனிந்து அதைப் பிய்த்துப் போட்டாள்.

பழைய நூறு சிசி வண்டி. அவள் புருஷன் பெரியமுத்து ஓட்டியது. அவன் மஞ்சள்காமாலையில் போனபிறகு, தேயிலை ஃபாக்டரி வேலைக்கு அவள் அதில்தான் போய்வந்தாள். அவன் உடலை எடுத்துக்கொண்டு போகும்போதுகூட அவள் அழவில்லை என்று தோட்டத் தொழிலாளர் லயத்தில் பேசிக்கொண்டார்கள். அந்த லயத்து வீட்டில் இப்போது அவளும் மாமியார் அழகுத்தாயும் மட்டும்தான்.

வண்டி முதலில் வந்தபோது, கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அடைக்கிற ஊசி தேய்ந்திருந்தது. புதிது போட்டார். அடுத்த முறை அதன் அடியில் உள்ள கிண்ணத்தின் கேஸ்கெட்டை மாற்றினார். பிறகு மிதவையின் உயரத்தைச் சரிபார்த்து, டேங்க்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பையும் புதிதாகப் போட்டார். ஒவ்வொரு முறையும் வண்டிக்கு அடியில் பேப்பர் விரித்து, அது நனையவில்லை என்று பார்த்த பிறகுதான் அனுப்பினார். அனுப்பிய சில நாளில் வண்டி மறுபடியும் வந்து நிற்கும்.

அவர் வேலை பார்க்கும்போது ஆனந்தி கேள்வி கேட்பாள். மிதவை எதற்கு, அதில் ஓட்டை விழுந்தால் எப்படித் தெரியும், ஊசி எந்த நேரத்தில் அடைக்கும் என்று மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்பாள். அவரும் சொல்வார். ஒருநாள், பெரியமுத்து மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பான் என்று அவளாகவே சொன்னாள்.

அவள் வந்துபோன மறுநாள் அழகுத்தாய் போன் பண்ணுவாள். வண்டி சரியாகிவிட்டதா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. மருமகள் எவ்வளவு நேரம் இருந்தாள், என்ன பேசினாள் என்றுதான் கேட்பாள். சந்தேகம் பிடித்த கிழவி என்று நினைத்துக்கொண்டு சுடலைமணி போனை வைத்துவிடுவார்.

இன்றைக்குக் கார்பரேட்டரைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தார். கேஸ்கெட் ஓரம் நன்றாக இருந்தது. ஊசியும் நன்றாக அடைத்தது. கிண்ணத்தின் அடியில், பெட்ரோலை வடித்துவிடுவதற்கென்று ஒரு சின்னத் திருகு உண்டு. அதுதான் தளர்ந்திருந்தது. அதன் தலை வெட்டில் புதுக் கீறல்கள். பழக்கமில்லாத கை எதையோ வைத்து அதைத் திருகியிருந்தது.

ராத்திரி டேப்பை மூடுகிறாயா என்று கேட்டார். தினமும் மூடுவதாகவும், காலையில் பார்த்தால் சில நாள் திறந்து கிடப்பதாகவும், தனக்குத்தான் மறதி என்று நினைத்ததாகவும் அவள் சொன்னாள். பிறகு, வேறு யாருடைய வண்டியையோ பற்றிப் பேசுவதுபோல, "இத வித்துறலாம்ணே," என்றாள்.

சுடலைமணி திருகைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி இருக்கட்டும் என்று அவளை பஸ்ஸில் அனுப்பிவிட்டு, மறுநாள் அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அவரே அதை ஓட்டிக்கொண்டு லயத்துக்குப் போனார்.

அழகுத்தாய் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் முக்காலியை எடுத்துப் போட்டு, பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"திருகத் தளத்துறது நீங்கதானே, பெரியம்மா?"

அவள் மறுக்கவில்லை. மருமகள் எழுந்திருக்கும் முன்னால், அடுப்பும் பற்றவைக்கும் முன்னால் செய்துவிடுவதாகச் சொன்னாள். அதில் குற்றம் எதுவும் இருப்பதாக அவள் நினைத்ததுபோலத் தெரியவில்லை.

சுடலைமணிக்குப் பொறுக்கவில்லை. ஒரு பொறி பட்டால் லயமே எரிந்துபோகும் என்றார். இத்தனை நாளும் தன் வேலைதான் சரியில்லை என்று தலைகுனிந்து நின்றதைச் சொன்னார். "மகன் வண்டிய மருமக ஓட்டுறது பிடிக்கலன்னா நேரா சொல்லிற வேண்டியதுதானே. இப்ப நீங்க நெனச்சதுதான் நடக்கப்போவுது. அவ விக்கப் போறா," என்றார்.

விறகை அடுக்கத் தொடங்கியிருந்த அழகுத்தாயின் கை அதன் மேலேயே நின்றுவிட்டது. "விக்கவா?" என்றாள். "அவளா சொன்னா?"

ஆமாம் என்றார். கிழவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷப்பட வேண்டியவள் எதற்கு இப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று சுடலைமணிக்குப் புரியவில்லை. பிறகு அவள் எட்டி, கிரீஸ் படிந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மவன் போனதுலேர்ந்து அவ வாயத் தொறந்து பேசுறது உன் பட்டறையில மட்டுந்தான்யா."