தொடக்கூடாத சின்னம்

மெரினாவில் நடக்கும்போது கூட்டத்தை மறைத்துவிட்டுக் கடல், கலங்கரை விளக்கம், பழைய கட்டடங்களை மட்டும் விவரக் குறிப்போடு காட்டும் மூக்குக்கண்ணாடியை என் மனைவி யாமினிக்கு வாங்கித் தந்தவன் நான்தான். அந்தக் கூட்டத்தில் நானும் சேர்த்தி என்று அப்போது தோன்றவில்லை.

முட்டிவலிக்காரனான நான் தினமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கையாட்டுவேன். அவள் என்னைப் பார்க்காமலே தாண்டிப் போவாள். மூன்று வருடமாக இதே கதை.

இன்று சட்டென்று நின்றாள்.

"யோவ், நீ தெரியுறய்யா!"

"அப்பாடா! என்னன்னு காட்டுது?"

வாசித்தாள்: "பழைய சின்னம். நெடுநாளாக இடம் மாறவில்லை. லேசாகச் சாய்ந்துள்ளது. தொடக்கூடாது."

"பாரு, என் மரியாதையை!"

"ஆமா, ரொம்பத்தான்" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒட்டி உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன்.